உடைந்த லேப்டாப்பின் திரையை மானிட்டராக மாற்றலாமா?

கேள்வி: என் மகனுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் மதர்போர்டு போய் ஒரு வருடமாகச் சும்மா கிடக்கிறது. கடைசியாக ஓடியபோது திரை நன்றாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளை அதில் செருகிப் பார்த்தேன், படமே வரவில்லை. தெரிந்த கடைக்காரர் ஒருவர் '14 இஞ்ச் போர்டு' வாங்கினால் மானிட்டர் ஆகிவிடும் என்கிறார். வாங்கலாமா?
- திண்டுக்கல் வாசகர்

பதில்: மாற்ற முடியும். ஆனால் '14 இஞ்ச் போர்டு' என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் கேபிள் விஷயம். சாதாரண லேப்டாப்பில் இருக்கும் எச்டிஎம்ஐ வழியாகப் படம் வெளியே போகும், உள்ளே வராது. லேப்டாப் நல்ல நிலையில் இருந்திருந்தாலும் நீங்கள் செய்தது பலித்திருக்காது. உள்ளே இருக்கும் பேனலுக்கு, அதாவது படம் தெரியும் திரைப் பலகைக்கு, எச்டிஎம்ஐ சிக்னல் புரியாது. அதற்குப் புரிவது எல்விடிஎஸ் என்ற பழைய வகைச் சிக்னல் அல்லது இடிபி என்ற புது வகைச் சிக்னல். இன்டெல், ஏஎம்டி முதலிய நிறுவனங்கள் எல்விடிஎஸ்ஸைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக 2010 டிசம்பரில் அறிவித்தன. உங்கள் வீட்டில் இருப்பது போன்ற அரசு லேப்டாப்களை 2011 செப்டம்பரில் கொடுக்கத் தொடங்கினார்கள். அதனால் முதல் சில வருடங்களில் வந்தது என்றால் எல்விடிஎஸ்ஸாக இருக்கலாம், பிறகு வந்தது இடிபியாக இருக்கலாம். எச்டிஎம்ஐயை வாங்கி அந்தச் சிக்னலாக மாற்றித் தருவதுதான் கன்ட்ரோலர் போர்டின் வேலை. இரண்டு வகைக்கும் போர்டு வேறு, கேபிள் வேறு.

உங்களுடையது எந்த வகை என்று பேனலின் முதுகே சொல்லிவிடும். திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை நகத்தால் மெதுவாகக் கிளப்புங்கள். ஓரத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, பேனலைக் கீபோர்டு மேல் ஒரு துணி விரித்துக் குப்புறச் சாய்த்து வையுங்கள். பின்னால் பார்கோடு ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். லேப்டாப் கம்பெனியின் உதிரிபாக எண்ணும் அங்கேயே இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது பேனல் தயாரித்தவர்களின் எண். பி140, எல்பி140, என்140, எல்டிஎன்140 என்கிற மாதிரி ஆரம்பிக்கும். அந்த 140 என்பது 14.0 அங்குலம்.

அந்த எண்ணைக் கடைசி எழுத்துவரை குறித்துக்கொள்ளுங்கள். 15.6 அங்குலப் பேனல்களில் 'என்156பிஜிஇ-எல்21' என்று ஒன்று, 'என்156பிஜிஇ-இ31' என்று இன்னொன்று. முன்னது 40 பின் எல்விடிஎஸ், பின்னது 30 பின் இடிபி. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றின் போர்டு மற்றதற்கு உதவாது.

நான் பட்ட அனுபவமும் இதுதான். '15.6 எல்இடி போர்டு' என்று சொல்லி ஒரு கடையில் வாங்கி வந்தேன். மாட்டியதும் திரை முழுக்கக் கோடு கோடாக வந்தது, எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. போர்டில் ஏற்றியிருந்த ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், வேறு ரெசல்யூஷனுக்கானது. கவர் பிரித்தாயிற்று, திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். பேனல் எண் பில்லில் இல்லாததால் என்னால் வாதாடவும் முடியவில்லை. நீங்கள் பில்லிலோ ஆர்டர் மெசேஜிலோ 'இந்த எண் பேனலுக்கு' என்று எழுதி வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால், ஒத்துக்கொண்டபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

மாட்டும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பல போர்டுகளில் பேனலுக்குப் போகும் மின்சாரத்தை 3.3, 5, 12 வோல்ட் என்று மாற்ற ஒரு குட்டி ஜம்பர் (பின்களின் மேல் மாற்றி மாற்றிச் செருகும் மூடி) இருக்கும். லேப்டாப் பேனலுக்கு 3.3தான். 12-ல் இருந்தால் சுவிட்ச் போட்ட நொடியே பேனல் காலி. அப்புறம், இந்தப் போர்டுகள் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. லேப்டாப்போடு வந்த பழைய அடாப்டர் பொதுவாக 19 வோல்ட். அதன் முனை இதில் கச்சிதமாகப் பொருந்தினாலும் செருகாதீர்கள்.

இனி செலவு. போர்டு, கேபிள், பட்டன் பட்டை சேர்ந்த செட் ஏறக்குறைய 1,500 முதல் 2,500 ரூபாய். அடாப்டரும் நிற்க வைக்கச் சட்டமும் தனி. புது 22 அங்குல மானிட்டர் சுமார் 6,000, 7,000 ரூபாய்க்கே கிடைக்கிறது. உங்கள் திரை பெரும்பாலும் 1366×768 ஆக இருக்கும், அதாவது ஃபுல் எச்டியில் உள்ள புள்ளிகளில் பாதிதான். சிசிடிவி பார்க்க, கடை கல்லாவில் பில் போட, பக்கத்தில் ஒரு பிடிஎஃப் திறந்து வைக்க என்றால் தாராளமாகச் செய்யுங்கள், நல்ல பொருள் குப்பைக்குப் போகாமல் இருக்கும். மகன் தினம் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்து படிக்க என்றால் இதில் காசு போடாதீர்கள். கொஞ்சம் சேர்த்துப் புதிதாகவே வாங்கிக் கொடுங்கள். எதற்காக இருந்தாலும், ஒரு வருடம் கிடந்த பேனல் என்பதால் சர்வீஸ் கடையில் பேனல் சோதிக்கும் கருவியில் போட்டு எரிகிறதா என்று பார்த்த பிறகு போர்டுக்குப் பணம் கொடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2007-ல் வாங்கிய லேப்டாப். அதன் திரைக்கும் இதே வழிதானா?

பதில்: அந்தக் காலத்துத் திரைகளில் பெரும்பாலும் எல்இடி கிடையாது, மெல்லிய குழல்விளக்குதான். அதை எரிக்க இன்வர்ட்டர் என்ற குட்டி சர்க்யூட் (வீட்டில் கரன்ட் போனால் ஓடுவது அல்ல) தனியாக வேண்டும். அதில் பல நூறு வோல்ட் ஓடும், வெறும் கை பட்டால் ஆபத்து. விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் பழைய லேப்டாப் நன்றாக ஓடுகிறது, வேகம்தான் இல்லை. இதையும் பிரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 10 இருந்தால் செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் 'வயர்லெஸ் டிஸ்ப்ளே'யை இன்ஸ்டால் செய்யுங்கள். இரண்டு கம்ப்யூட்டரின் வைஃபை சிப்பும் மிராகாஸ்ட்டுக்கு, அதாவது வயர் இல்லாமல் படம் அனுப்பும் முறைக்கு, ஒத்துழைக்க வேண்டும். பழைய லேப்டாப்பில் 'கனெக்ட்' ஆப்பைத் திறந்து வைத்துவிட்டு, புதுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் பட்டனோடு 'கே'யை அழுத்தினால் பழைய லேப்டாப் பெயர் பட்டியலில் வரும். மவுஸ் கொஞ்சம் பின்தங்கித்தான் நகரும். படிக்கவும் எழுதவும் அது தொந்தரவாக இருக்காது, கேம் ஆட உதவாது.