தம்பி ராத்திரி இரண்டு மணி வரை ரோல்பிளே ஆடுவது அடிமைத்தனமா?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் தம்பி ராத்திரி இரண்டு மணி வரை ரோல்பிளே (ஒரு பாத்திரமாகவே மாறிப் பேசி நடிப்பது) ஆடுகிறான், ஆனால் வேலைக்கு ஒழுங்காகப் போகிறான், வீட்டில் எல்லோரிடமும் பேசுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். மணிக்கணக்கை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 விளையாட்டு அடிமைத்தனத்துக்குப் பார்ப்பது, நிறுத்த நினைத்தும் முடியாமல் போகிறதா, மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டதா, வேலையும் உறவும் கெட்ட பிறகும் தொடர்கிறதா என்பதைத்தான், அதுவும் பொதுவாக 12 மாதமாவது. நீங்கள் சொல்வதில் எனக்கு உறுத்துவது தூக்கம் ஒன்றுதான்.

நார்வேயில் மேட்ஸ் ஸ்டீன் என்பவர் தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து 2014-இல் 25 வயதில் இறந்தார். பிள்ளை தனிமையிலேயே போய்விட்டான் என்று பெற்றோர் உருகினார்கள். அவருடைய வலைப்பதிவில் மரணச் செய்தியைப் போட்டதும், இதே விளையாட்டில் ஐபெலின் என்ற பாத்திரமாக அவரைத் தெரிந்தவர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன, சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். அந்த நட்பைப் பொய் என்று எப்படிச் சொல்வது?

அதனால் வயரைப் பிடுங்காதீர்கள், ப்ளீஸ். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய பாத்திரம் யார், யாரோடு பேசுகிறான் என்று கேளுங்கள், அப்புறம் தூக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். "விட நினைக்கிறேன், முடியவில்லை" என்று அவனே சொன்னால் மட்டும் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.