4ஜி இருந்தும் வீட்டுக்குள் சிக்னல் இல்லாதது ஏன்?

கேள்வி: வெளிநாட்டில் வசிக்கும் என் அண்ணன், தாம் பயன்படுத்திவந்த சிம் வசதியுள்ள டேப்லெட் ஒன்றை எனக்குக் கொடுத்தார். என் சிம்மைப் போட்டால் மாடியில் 4ஜி நன்றாகக் கிடைக்கிறது. வீட்டுக்குள் வந்ததும் இணைப்பு அறுந்துவிடுகிறது. அதே சிம் என் கைப்பேசியில் வீடு முழுவதும் வேலை செய்கிறது. மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகுமா?

பதில்: உங்கள் டேப்லெட் பழுதாகியிருப்பதாகத் தோன்றவில்லை. மாடியில் இணைப்பு கிடைப்பதால், வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காதபடி அது பூட்டப்படவும் இல்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், உங்கள் பகுதியில் பயன்படும் குறைந்த அலைவரிசை ஒன்று அந்தக் கருவியில் இல்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

4ஜி என்பது ஒரே அலைவரிசையில் இயங்குவதன்று. அதற்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைப் பட்டைகள் (பேண்ட்) பல உள்ளன. ஒவ்வொன்றுக்கும் உலகப் பொதுவான எண் உண்டு. பேண்ட் 3 என்பது 1800 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 40 என்பது 2300, பேண்ட் 20 என்பது 800. அலைவரிசை குறையக் குறைய அலை நெடுந்தொலைவு செல்லும், சுவரையும் எளிதாக ஊடுருவும். உயர் பட்டைகளில் பொதுவாக அதிகத் தரவு செல்லும் என்றாலும், சுவர்களைக் கடக்கும்போது அவை வலுவிழந்துவிடும். நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பேசி ஓசையின்றிக் குறைந்த பட்டைக்கு மாறிக்கொள்கிறது. மாறுவதற்கு இடமில்லாத டேப்லெட் இணைப்பை இழக்கிறது.

மெகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் நம்பிப் பலர் ஏமாந்துவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. பேண்ட் 12, பேண்ட் 28 இரண்டையுமே ‘700’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் கோபுரத்திலிருந்து கருவிக்கு வரும் அலை முன்னதில் 729 முதல் 746 வரையிலும், பின்னதில் 758 முதல் 803 வரையிலும் இருக்கிறது. எனவே, அமெரிக்கச் சந்தைக்கென்று பேண்ட் 12 மட்டும் வைத்துச் செய்த கருவிக்குப் பேண்ட் 28 கோபுரம் பக்கத்திலேயே இருந்தாலும் அதன் குரல் கேட்காது.

மென்பொருளைப் புதுப்பிப்பதால் இது தீராது. ஒவ்வொரு பட்டைக்கும் ஏற்ற வடிகட்டியும் பெருக்கியும் ஆண்டெனாவும் கருவிக்குள் இருந்தாக வேண்டும். ஏற்கெனவே இருந்தும் தயாரிப்பாளர் முடக்கி வைத்திருக்கும் பட்டையை மட்டுமே புதுப்பிப்பு திறந்துவிடக்கூடும்.

செட்டிங்ஸில் ‘டேப்லெட்டைப் பற்றி’ என்ற பகுதிக்குச் சென்று மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் விற்கப்படும் டேப்லெட்டுகளிலும் நாட்டுக்கு நாடு அந்த எண்ணும், அதோடு பட்டைகளும் வேறுபடும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணுக்குரிய பட்டியலை எடுத்து, உங்கள் பகுதியில் எந்தெந்த பேண்ட் எண்கள் இயங்குகின்றன என்று சேவை நிறுவனத்திடம் கேட்டு ஒப்பிடுங்கள். 5ஜி கருவிகளில் இந்த எண்களுக்கு முன்னால் ‘என்’ (n) என்ற ஆங்கில எழுத்து சேரும். ஒப்பிடும் முறை அதேதான்.

குறைந்த பட்டை இல்லை என்பது உறுதியானால், சிம்மைக் கைப்பேசியிலேயே வைத்து, ஹாட்ஸ்பாட் வழியாக டேப்லெட்டை வைஃபையில் இணைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கொடுத்த கருவியை மாற்ற வேண்டியதில்லை.