நானூறு குறிப்புகள் மனப்பாடம், ஆனாலும் மார்க் ஏறவில்லை

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியு ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஆறு வருடம் ஆகிறது. அமெரிக்கா போவதற்காக, அங்கே நர்ஸ் உரிமம் பெற எழுத வேண்டிய என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வுக்குப் படிக்கிறேன். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வரும் ஒருவரிக் குறிப்புகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நார்மல் வேல்யூ, ஆன்டிடோட் (முறிவு மருந்து), ஐசோலேஷன் (தொற்று நோயாளியைத் தனிமைப்படுத்துவது) என்று நானூறைத் தாண்டிவிட்டது. எதைக் கேட்டாலும் டக்கென்று சொல்வேன். ஆனால் மாதிரித் தேர்வில் பாதி மார்க்கைத் தாண்ட முடியவில்லை. 'பொருந்துவன எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்று வந்தாலே கை உதறுகிறது. இன்னும் எத்தனை குறிப்புகள் படிக்க வேண்டும்? மூன்று ஷிஃப்ட் டியூட்டிக்கு நடுவில் எப்படிப் படிப்பது?

பதில்: புதிதாக ஒன்றுகூட வேண்டாம். இருக்கும் நானூறில் பாதியை வெட்டுங்கள். மீதியை வேறு மாதிரி எழுதுங்கள்.

உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் 'பொட்டாசியம் 3.5 முதல் 5.0 வரை' என்று இருக்கும். பத்துப் பக்கம் தள்ளி, இதய மருந்து ஒன்றின் ரத்த அளவாக 'டிகாக்சின் 0.5 முதல் 2 வரை'. வேறு எங்கோ, சிறுநீரைப் பெருக்கும் மருந்தைப் பற்றி 'ஃபுரோசமைடு பொட்டாசியத்தைக் குறைக்கும்'. மூன்றும் சரி, மூன்றும் உங்களுக்கு மனப்பாடம். தேர்வு இவற்றைத் தனித்தனியாகக் கேட்பது அபூர்வம். இப்படித்தான் கேட்கும்: இதயச் செயலிழப்புக்காக டிகாக்சினும் ஃபுரோசமைடும் சாப்பிட்டு வரும் 72 வயது அம்மா. இரண்டு நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது, விளக்கைச் சுற்றி மஞ்சளாக வளையம் தெரிகிறது என்கிறார். காலை ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 3.1. அவருக்குக் கொடுக்க வேண்டிய டிகாக்சின் மாத்திரை உங்கள் கையில் இருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?

இங்கே மூன்று குறிப்புகளும் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. ஃபுரோசமைடு பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிட்டது. இதயத் தசையில் டிகாக்சினும் பொட்டாசியமும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை. பொட்டாசியம் குறைந்ததும் டிகாக்சின் அந்த இடத்தை இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ரத்தத்தில் டிகாக்சின் 2-க்குள் இருந்தாலும் நச்சு அறிகுறி வரலாம். 'அளவு நார்மல்தானே' என்று மாத்திரையைக் கொடுக்கும் விடை அங்கேதான் காத்திருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு, ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து முழுதாக ஒரு நிமிடம் துடிப்பை எண்ணுவது. பிறகு எண்ணிக்கை, அறிகுறி, பொட்டாசியம் மூன்றையும் சேர்த்து டாக்டரிடம் சொல்வது. பெரியவர்களுக்குத் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால் எப்படியும் கொடுக்கக் கூடாது. இந்த அம்மாவுக்கு 66 இருந்தாலும் நான் கொடுக்க மாட்டேன்.

அதனால் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு அட்டை போடுங்கள். அட்டையில் எண், அது ஏன் அப்படி, படுக்கையில் இருப்பவர் எப்படித் தெரிவார், நான் முதலில் செய்வது என்ன என்று நான்கு வரி. நான்காவது வரியை நிரப்ப முடியவில்லையென்றால் அட்டையைக் கிழித்துவிடலாம். நோயை முதலில் விவரித்தவர் யார், இந்த அறிகுறிக்கு இன்னொரு பெயர் என்ன போன்றவை நார்செட் மாதிரியான வேலைத் தேர்வுகளுக்கு உதவலாம். டெலிகிராமில் எல்லாம் கலந்துகட்டித்தான் வருகிறது.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை வைத்தே பழகிப் பாருங்கள். படிக்கும்போது லேபர் வார்டு போஸ்டிங்கில், வலிப்பு வராமலிருக்க மேக்சல்ஃப் (மெக்னீசியம் சல்ஃபேட்) போகும் தாய்மாரைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த டோஸுக்கு முன் முட்டியில் தட்டி 'நீ ஜெர்க்' (கால் தானாக உதறுகிறதா என்று) பார்க்கச் சொல்லி இன்சார்ஜ் சிஸ்டர் விரட்டியிருப்பார். மெக்னீசியம் ஏற ஏற நரம்புக்கும் தசைக்கும் நடுவே செய்தி போவது தடைபடுகிறது. முதலில் நீ ஜெர்க் போகும், அப்புறம் மூச்சு மந்தமாகும், கடைசியில் இதயம். மெக்னீசியம் வெளியே போகும் வழி சிறுநீரகம் மட்டும்தான், அதனால்தான் மணிக்கு 30 மி.லி. சிறுநீர் வருகிறதா என்று பார்க்கிறோம். நீ ஜெர்க் இல்லையென்றால் முதல் வேலை ஓடிக்கொண்டிருக்கும் டிரிப்பை நிறுத்துவது. கால்சியம் குளுக்கோனேட் அதற்குப் பிறகுதான். 'மேக்சல்ஃபுக்கு ஆன்டிடோட் கால்சியம் குளுக்கோனேட்' என்ற ஒருவரிக் குறிப்பை மட்டும் வைத்திருப்பவர் நேரே ஊசிக்குப் பாய்ந்து தவறான விடையைத் தொடுவார். இன்னொன்று: மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறைந்தால் அடுத்த டோஸ் கூடாது என்று நம்மூரில் படித்திருப்பீர்கள். அமெரிக்கப் பாடங்களில் அந்த எல்லை 12. தேர்வுக்கு 12-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஆன்டிடோட்களுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். ஹெபாரினுக்கு புரோட்டமின் சல்ஃபேட், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, மார்ஃபின் போன்ற ஓபியாய்டுக்கு நலாக்சோன், பாரசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன். நலாக்சோன் அட்டையில் மட்டும் ஒரு வரி சேருங்கள்: அதன் வேலை பெரும்பாலும் ஓபியாய்டுக்கு முன்பே தீர்ந்துவிடும், விழித்தவர் மறுபடி மயங்கலாம், பக்கத்தை விட்டு நகரக் கூடாது.

இனி உங்கள் ஆறு வருட அனுபவத்துக்கு வருகிறேன். அது சொத்து, சில கேள்விகளில் கண்ணியும் அதுவே. நம் வார்டுகளில் என்ன நடந்தாலும் முதல் அனிச்சை 'டியூட்டி டாக்டரைக் கூப்பிடு' என்பதுதான். இந்தத் தேர்வு, டாக்டர் வருவதற்குள் உங்கள் கை என்ன செய்தது என்று கேட்கிறது. ரத்தம் ஏறும்போது நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் இடுப்பு வலியும் வந்தால், முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். அடுத்து டியூபை மாற்றி நார்மல் சலைன் போட்டு வெயினைக் காக்க வேண்டும். அதன் பிறகே டாக்டருக்கும் பிளட் பேங்குக்கும் போன். பிரசவம் முடிந்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு, கருப்பை தொளதொளவென்று இருக்கிறது என்றால் கை வயிற்றுக்குப் போய் மசாஜ் செய்ய வேண்டும், போனுக்குப் போகக் கூடாது. கழுத்திலோ மேல்முதுகிலோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென்று பி.பி. எகிறி, தலைவலி, முகம் சிவந்து வியர்த்தால் முதலில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். உடனே சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, கதீட்டர் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்காக 'டாக்டரைக் கூப்பிடு' எப்போதுமே தவறான விடை என்று ஒரு விதி சுற்றுகிறதே, அதையும் நம்ப வேண்டாம். பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது, கையால் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை என்றால் அதுதான் சரியான விடை.

இதைவிடப் பெரிய கண்ணி, வேலையை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்ற பகுதி. 2023 ஏப்ரலில் வந்த தேர்வுத் திட்டத்தில் இந்த விஷயம் அடங்கிய நிர்வாகப் பிரிவுக்குத்தான் அதிக எடை, 15 முதல் 21 சதவீதம் வரை. மருந்துப் பகுதிக்கு 13 முதல் 19 சதவீதம். உங்கள் நோட்டில் மருந்துக் குறிப்பு எத்தனை, இந்தப் பகுதிக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நம் வார்டில் நோயாளியைத் துடைத்துவிடுவது, ஊட்டிவிடுவது, பெட்பான் வைப்பது எல்லாம் பெரும்பாலும் கூட இருக்கும் அட்டெண்டர் தலையில். அங்கே அந்த ஆள் கிடையாது. பதிவு பெற்ற நர்ஸான நீங்கள், அடுத்த நிலையில் எல்.பி.என். (உங்களைவிடக் குறைந்த பயிற்சியுள்ள, உரிமம் பெற்ற நர்ஸ்), அதற்கும் கீழே உதவியாளர் என்று மூன்று படி. உதவியாளர் நிலையாக உள்ள நோயாளிக்கு வைட்டல்ஸ் பார்க்கலாம், குளிப்பாட்டலாம், நடக்க வைக்கலாம், சிறுநீர் அளக்கலாம். எல்.பி.என். நிலையான நோயாளிக்குப் பெரும்பாலான மருந்துகளைக் கொடுக்கலாம், டிரெஸ்ஸிங் செய்யலாம். முதல் முறை மதிப்பிடுவது, கற்றுக்கொடுப்பது, பலன் கிடைத்ததா என்று முடிவு செய்வது, நிலை ஆட்டம் காணும் நோயாளி ஆகிய நான்கையும் நீங்கள் யாருக்கும் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு அட்டையை மட்டும் சுவரில் ஒட்டி வையுங்கள்.

ஒப்புதல் விஷயமும் இப்படித்தான். 'அப்பாவுக்குக் கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்' என்று மகன் கெஞ்சுவது நமக்குப் பழகிய காட்சி. தேர்வில், சுயநினைவுள்ள நோயாளியின் விஷயத்தில் மகனின் விருப்பம் எடுபடாது. ஆபரேஷனை விளக்குவது சர்ஜனின் வேலை, நீங்கள் கையெழுத்துக்குச் சாட்சி. கையெழுத்துப் போடும் நேரத்தில் அவர் ஒரு சந்தேகம் கேட்டால் நீங்களே விளக்கப் போகாதீர்கள், சர்ஜனைத் திரும்ப வரச் சொல்லுங்கள்.

பெயர்களிலும் கவனம். நம் அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். சால்பியூட்டமால் அல்பியூட்டரால், பெத்திடின் மெப்பெரிடின், ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின். தேர்வில் பாரசிட்டமால் என்று தேடினால் கிடைக்காது, அசிட்டமினோஃபென் என்றுதான் இருக்கும். எடையைப் பவுண்டில் கொடுத்தால் 2.2-ஆல் வகுத்துக் கிலோவாக்குங்கள். ஒரு அவுன்ஸுக்கு 30 மி.லி. என்று கணக்கு வையுங்கள்.

ஐசோலேஷன் குறிப்புகளில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இரண்டு. ஒன்று சின்னம்மை. வீட்டில் வேப்பிலை கட்டித் தனி அறை கொடுத்தே நமக்குப் பழக்கம். தேர்வில் அவருக்கு நெகட்டிவ் பிரஷர் அறை, உள்ளே போகும் உங்களுக்கு என்-95, கூடவே கவுனும் கையுறையும். காசநோய்க்கும் தட்டம்மைக்கும் அதே அறை, அதே மாஸ்க். இரண்டாவது சி. டிஃப் என்ற பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கு: அதன் ஸ்போர்கள் ஆல்கஹால் ரப்புக்குச் சாகாது, சோப்பும் தண்ணீரும்தான்.

சரி, கை உதறும் அந்தக் கேள்வி வகை. முன்பு ஒரு விடை தவறினாலும் முழுக் கேள்வியும் போய்விடும். 2023 ஏப்ரல் முதல் அப்படியில்லை. சரியாகத் தொட்டதற்கு ஒரு மார்க் கூடும், தவறாகத் தொட்டதற்கு ஒன்று குறையும், ஆனால் அந்தக் கேள்வியின் மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. மூன்றைச் சரியாகத் தொட்டுவிட்டு, 'இதுவும் இருக்குமோ' என்று இரண்டைக் கூடத் தொட்டு அவை தவறாகிப்போனால் மிஞ்சுவது ஒன்றுதான். ஒவ்வொரு விடையையும் தனிக் கேள்வியாக எடுத்து 'ஆம், இல்லை' என்று முடிவு செய்யுங்கள், பக்கத்து விடையோடு ஒப்பிடாதீர்கள். நிச்சயமில்லாததை விட்டுவிடுங்கள். எத்தனை சரி இருக்கும் என்று ஊகிப்பது வீண் வேலை.

எல்லோரும் எழுதும் அளவு ஒன்றல்ல என்பதும் தெரிந்திருக்கட்டும். குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, நேரம் ஐந்து மணி. நீங்கள் விடை சொல்லச் சொல்லக் கணினி அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றும். நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே அல்லது கீழே இருக்கிறீர்கள் என்று 95 சதவீதம் உறுதியானதும் நின்றுவிடும். 85-இல் நின்றால் பாஸ் என்றும், 150 வரை போனால் ஃபெயில் என்றும் சொல்பவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். போன கேள்விக்குத் திரும்ப முடியாது. நடுவில் ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்விகள் கொண்ட கேஸ் மூன்று வரும். அவற்றில் கேஸ் ஷீட்டை முழுதாகப் படித்துவிட்டு இறங்குவது நல்லது. ஐசியுவில் ஹேண்ட் ஓவர் வாங்கும்போது எதைத் தேடுவீர்களோ அதையே தேடுங்கள். இந்தப் பகுதி உங்களுக்கு மற்றவர்களைவிட எளிதாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

டியூட்டிக்கு நடுவில் எப்படி என்று கேட்டீர்கள். காலை ஷிஃப்ட் நாளில் மாலை முப்பது கேள்விகள் போதும். மதிய ஷிஃப்ட் என்றால் அதைக் காலையில் முடித்துவிடுங்கள். முப்பது கேள்விகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் என்றால் விளக்கம் படிக்க ஒன்றரை மணி. தவறியவற்றோடு குருட்டாம்போக்கில் சரியானவற்றையும் திரும்பப் பாருங்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்: விஷயம் தெரியவில்லை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, முன்னுரிமை தப்பியது, நம்மூர் வழக்கப்படி விடை சொன்னேன். இரண்டு வாரத்தில் எது அதிகம் என்று தெரிந்துவிடும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் முதல் காரணம் குறைவாகவும் கடைசி இரண்டும் அதிகமாகவும் இருக்கும் என்று தோன்றுகிறது. டியூட்டியில் ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவருக்கான அட்டையை மனதில் போட்டுப் பாருங்கள், பெயர் விவரம் எதையும் போனில் ஏற்றாமல். நைட் முடிந்து வரும் காலையில் கேள்வித்தாளைத் தொட வேண்டாம், தூங்கி எழுந்து மாலையில் பழைய அட்டைகளைப் புரட்டினால் போதும்.

தேதி குறிக்க அவசரப்படாதீர்கள். தவறினால் மறுபடி எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும். சென்னையிலேயே தேர்வு மையம் இருக்கிறது. முந்தைய நாளே போய்த் தங்கிக்கொள்ளுங்கள், நைட் டியூட்டி முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போக வேண்டாம்.