‘ஒண்ணுமில்ல, சடவாத்தான் இருக்கு’: நோயை வீட்டுக்குள் பேசுவது பற்றிய கேள்வி பதில்

பாளையங்கோட்டையிலும் பிறகு அம்பாசமுத்திரம் பக்கத்திலுமாக 29 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நோயைப் பற்றி வீட்டுக்குள் பேசுவதில் வரும் சிக்கல்களைக் கேளுங்கள். மருந்தின் அளவைக் கேட்காதீர்கள். அது உங்கள் மருத்துவரின் வேலை.

கேள்வி: நான் துபாயில் இருக்கிறேன். அம்மா திசையன்விளையில் தனியாக இருக்கிறார். பத்து வருடமாகச் சர்க்கரை நோய். எப்போது விசாரித்தாலும் ‘ஒண்ணுமில்லப்பா, சடவாத்தான் இருக்கு’ என்கிறார். நம்பலாமா?

பதில்: ‘சடவு’ என்ற நம் ஊர்ச் சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம். கல்யாண வீட்டுக்குப் போய் வந்த அலுப்பும் சடவு, இரத்தச்சோகையும் சடவு. பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்புகள் பழுதுபட்டிருந்தால், மாரடைப்பே நெஞ்சு வலி இல்லாமல் வரக்கூடும். திடீரென்று வேர்த்து ஊற்றுவதும், மூச்சு வாங்குவதும், காரணம் தெரியாத அசதியும்தான் வெளியே தெரியும். அதையும் உங்கள் அம்மா சடவு என்றே சொல்வார்.

ஆகவே ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்பதை விடுங்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும்போது வழியில் எத்தனை இடத்தில் நின்றீர்கள், இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், காலை மாத்திரைக்குப் பிறகு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு வகை மாத்திரையைப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை விரதம் என்று வெறும் வயிற்றில் இருந்து, சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, கை நடுங்கிப் பேச்சுக் குழறி எங்களிடம் வந்து சேர்ந்தவர்கள் பலர். விரதத்தை மருத்துவரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள், மகனிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படி நேர்ந்தால், விழுங்கும் அளவுக்கு நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு மைனியிடம் சொல்லி வையுங்கள். இன்னொன்று: மாத்திரை அட்டையைப் பெயர் இருக்கும் பக்கத்திலிருந்து வெட்டவே கூடாது. பெயரில்லாத துண்டு அட்டையை நீட்டி ‘வெள்ளை மாத்திரை’ என்றால் எங்களுக்கு என்ன தெரியும்?

கேள்வி: கணவருக்கு 46 வயது, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறார். ஒரு வருடமாக என் பக்கமே வருவதில்லை. கேட்டால் எரிந்து விழுகிறார். வேறு தொடர்பு இருக்குமோ?

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அது என் துறையல்ல. ஆனால் சர்க்கரை நோய் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுப்பதால் ஆண்களுக்குத் தாம்பத்திய உறவில் தளர்ச்சி வருவது மிகச் சாதாரணம், சில இரத்த அழுத்த மாத்திரைகளும் அதைக் கூட்டும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கோபத்தைப் போர்வையாக்கிக் கொள்கிறார்கள். படுக்கையில் வைத்து இதைப் பேசாதீர்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, முகம் பார்க்காமல், ‘சர்க்கரையினால இப்படி வருமாம், டாக்டர்கிட்ட கேப்போமா’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டு விடுங்கள். அவராகவே மாத்திரையை நிறுத்தவும் கூடாது, மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்பவரிடம் போகவும் கூடாது. இது இதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் மறைப்பது ஆபத்து.

கேள்வி: மருமகளுக்குக் காசநோய். தட்டும் தம்ளரும் தனியாக வைத்திருக்கிறோம். சரிதானே?

பதில்: சரியில்லை. அது காற்றில் பரவுவது, தட்டில் அல்ல. ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆறு மாத மருந்து ஒரு நாளும் விடுபடாமல் பாருங்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தட்டைப் பிரித்தால் அந்தப் பெண் மருந்தை ஒளித்துச் சாப்பிடத் தொடங்கிவிடுவாள்.

கேள்வி: ஸ்கேன் அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?

பதில்: மாட்டேன்.

கேள்வி: அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். ‘அல்சர்’ என்று சொல்லி வைத்திருக்கிறோம். தெரிந்தால் மனம் உடைந்துவிடுவார். எவ்வளவு நாள் மறைக்கலாம்?

பதில்: மறைக்கவில்லை நீங்கள், மறைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அல்சருக்கு யாருக்காவது முடி கொட்டுமா? வார்டு வாசலில் இருக்கும் பலகையை அவருக்குப் படிக்கத் தெரியாதா?

இடையில் கல்லிடைக்குறிச்சி அன்பர் ஒருவர் மறுக்கிறார்: ‘எங்கள் பெரியப்பாவிடம் உண்மையைச் சொன்னோம். மறுநாளே படுத்தார், பத்தே நாளில் போய்விட்டார். சொன்ன சொல்தான் கொன்றது.’

ஐயா, பத்து நாளில் போகிறவரின் நோய் ஏற்கெனவே முற்றியிருந்தது; சொல்லின் மேல் பழி போட வேண்டாம். ஆனால் அவரிடம் யார், எங்கே, எப்படிச் சொன்னார்கள்? சொந்தக்காரர்கள் சூழ்ந்து நிற்க நடைவழியில் சொல்லியிருந்தால் உங்கள் வருத்தம் நியாயம்தான். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை முதலில் நோயாளியிடமே கேட்க வேண்டும்: ‘டாக்டர் சொல்றத உங்ககிட்ட சொல்லட்டுமா, மகன்கிட்ட சொன்னாப் போதுமா?’ மகனிடம் போதும் என்றால் அதுவும் அவர் எடுத்த முடிவு.

இதை நான் ஒரு முதியவரிடம் கற்றேன். மூன்று மகன்களும் அவரிடம் ‘கட்டி’ என்றே சொல்லி வந்தார்கள். இரவுப் பணியில் நான் குளுக்கோஸ் பாட்டில் மாற்றப் போனபோது மெல்லக் கேட்டார்: ‘இது அந்தச் சீக்குதான தாயி? பயலுவளுக்குத் தெரிய வேண்டாம், பயந்துருவானுவ.’ பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. மகன்கள் ‘ஒடம்பு தேறட்டும்ப்பா, அடுத்த வருசம் போகலாம்’ என்றார்கள். அவரும் சரி என்று தலையாட்டினார். அடுத்த பங்குனிக்கு அவர் இல்லை.

கல்லிடைக்குறிச்சி அன்பர் மீண்டும் எழுதுகிறார்: ‘எல்லாருக்கும் அந்தத் திடம் இருக்காது.’ இருக்காதுதான். இருக்கிறதா இல்லையா என்பதைப் பிள்ளைகள் தீர்மானிக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. இதற்கு மேல் இந்த வழக்கை நான் இழுக்கப் போவதில்லை.

கேள்வி: சவூதியில் இருக்கிறேன், அப்பா போனில் எதையும் சொல்வதில்லை. (இதே கேள்வி குவைத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும்.)

பதில்: முதல் பதிலை வாசியுங்கள். வாசித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்றால், மறுபடி வாசியுங்கள்.

கேள்வி: மாமியாருக்கு 61 வயது. மாதவிலக்கு நின்று பத்து வருடம் கழித்து இரண்டு முறை இரத்தம் பட்டதாம். என்னிடம் மட்டும் சொன்னார்; மகனுக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். என்ன செய்வது?

பதில்: சத்தியத்தைக் காப்பாற்றுங்கள், மகனிடம் சொல்லாமலே அவரை மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போகலாம். மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு சொட்டுப் பட்டாலும் காட்டியே ஆக வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும். கருப்பைப் புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம், அதைத் தொடக்கத்திலேயே பிடித்தால் அறுவைச் சிகிச்சையிலேயே குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. ‘உங்களுக்கு என்ன செய்யுது’ என்று மருத்துவர் கேட்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். உங்களிடம்கூட அவர் முழுவதையும் சொல்லியிருக்க மாட்டார். மருத்துவரிடம் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்காருங்கள். போகும்போது அவர் போடுகிற மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள், பெயர் வெட்டுப்படாமல்.