120 வெள்ளிக்கு ஓட்டு விற்கிறார்கள்

கேள்வி: நான் டெல்டா மாவட்டத்துக்காரன். ஒன்பது ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கட்டுமான வேலை. ஜூரோங் பக்கம் விடுதியில் தங்கியிருக்கிறேன். கடந்த சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் பதவியில் இருந்தவரே பணத்தை வாரி இறைத்து மீண்டும் வென்றார். அடுத்த முறையாவது என் ஓட்டு அவருக்கு எதிராக விழ வேண்டும் என்று நினைக்கிறேன். தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) ஒருவர், 120 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் இங்கிருந்தபடியே தபாலில் ஓட்டுப் போட ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்கிறார். அறைத் தோழரோ, இரண்டு கட்சி ஆட்களும் விமான டிக்கெட்டே எடுத்துத் தருவார்கள் என்கிறார். என்னிடம் ஊர் வாக்காளர் அட்டை இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, அந்த 120 வெள்ளியைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் இன்றைக்கே 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நகலையும் அவரிடம் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பணத்தை விட எனக்குக் கவலை அந்த நகல்தான். உங்கள் பெயரில் கைப்பேசி இணைப்பு வாங்கவும், வேறு எவனோ செய்யும் தில்லுமுல்லுக்கு உங்களைப் பொறுப்பாளி ஆக்கவும் அது போதும்.

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட உங்களைப் போன்ற தொழிலாளிக்கு இன்றைய தேதியில் எந்த வழியும் கிடையாது. தபாலில் முடியாது, கணினியில் முடியாது, கிரேஞ்ச் ரோட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்திலும் முடியாது. ஊரில் உள்ள தம்பியை உங்களுக்குப் பதிலாக அனுப்பவும் முடியாது. உங்கள் பெயர் இருக்கும் வாக்குச்சாவடிக்கு நீங்களே நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

அப்படியானால் அந்தத் தரகருக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வருகிறது? அவர் சொல்வதில் ஓர் எள்ளளவு உண்மை கலந்திருக்கிறது. இராணுவத்தினருக்கும், வெளிநாட்டில் பணியமர்த்தப்பட்ட இந்திய அரசு ஊழியர்களுக்கும் தபால் ஓட்டு உண்டு. அவர்களுக்கு வாக்குச்சீட்டை மின்வழியில் அனுப்பி, அச்செடுத்துக் குறியிட்டுத் தபாலில் திருப்பி வாங்கும் முறை நடப்பில் இருக்கிறது. தூதரக அதிகாரிக்கு உள்ள அந்த வசதியை உங்களுக்கும் உள்ளதாகக் காட்டிப் பிழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் வட்டாட்சியர் அலுவலகத்தின் தேர்தல் பிரிவிலேயே தலை நரைத்தவன் நான். இப்போது ஆங் மோ கியோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். கீழ்த்தளக் காப்பிக் கடையில் இதே கதையை வேறு வேறு வாயிலிருந்து கேட்டுவிட்டேன், தொகை மட்டும்தான் மாறுகிறது. ஒருவர் நிஜமான படிவத்தையே காட்டினார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படிவத்தை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன்மேல் ஒரு முத்திரையும் குத்தி வைத்திருந்தார். முத்திரையில் பதிந்திருந்தது ஏதோ பயண நிறுவனத்தின் பெயர்! ஆனாலும் முத்திரையைக் கண்டால் நம் ஆட்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

தரகர்கள் பிழைப்பதற்கு அரசும் ஒரு காரணம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் தம் சொந்தத் தொகுதியில் வாக்காளராகலாம் என்று 2010இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2011 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தமக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பி (பதிலி மூலம்) வாக்களிக்க வகை செய்யும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை தாண்டுவதற்குள் 2019இல் மக்களவையின் காலமே முடிந்து அதுவும் காலாவதியானது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் மின்வழித் தபால் ஓட்டைக் கொடுக்கலாம் என்று 2020இல் தேர்தல் ஆணையமே முன்வந்தது. அது இன்னும் கோப்பிலேயே கிடக்கிறது. உங்களோடு வேலை செய்யும் இந்தோனேசியரைக் கேட்டுப் பாருங்கள்; 2024இல் அவர்கள் தங்கள் அதிபர் தேர்தலுக்குச் சிங்கப்பூரில் உள்ள தூதரகத்திலேயே ஓட்டுப் போட்டார்கள். சிங்கப்பூரும் வெளிநாட்டில் இருக்கும் தன் குடிமக்களுக்கு 2023 அதிபர் தேர்தலிலிருந்து தபால் ஓட்டைத் தந்துவிட்டது. நம்மால் மட்டும் ஏன் முடியவில்லை என்று கேட்டால் ‘தொழில்நுட்பச் சிக்கல்’ என்பார்கள். நிலவுக்குக் கலம் அனுப்பும் நாட்டுக்கு ஒரு தபால் உறையில் என்ன சிக்கலோ!

2019 மக்களவைத் தேர்தலில் இந்தியா முழுவதிலும் ஓட்டுப் போட்ட வெளிநாட்டு வாக்காளர்கள் 25,606 பேர். அவர்களில் 25,534 பேர் கேரளத்தவர்கள். மிச்சம் இருக்கும் அத்தனை மாநிலங்களையும் கூட்டினால் 72 பேர். தமிழ்நாட்டுக்காரர் எவர் வந்திருந்தாலும் அந்த 72க்குள்தான். 2024இல் பெயர் பதிந்தவர்கள் ஒரு லட்சத்து 19 ஆயிரத்துக்கும் மேல், நேரில் வந்தவர்களோ மொத்தமே 2,958 பேர். எங்கள் அலுவலகத்தில் வெளிநாட்டு வாக்காளர் படிவம் வந்தால், அதை எந்தக் கோப்புக் கட்டில் வைப்பது என்று எழுத்தர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இனி உங்கள் அட்டைக்கு வருகிறேன். பையில் இருக்கும் அந்த வாக்காளர் அட்டையை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். அட்டை இருப்பது வேறு, பட்டியலில் பெயர் இருப்பது வேறு. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். ஊரில் இல்லாத பலர் ‘இடம்பெயர்ந்தவர்’ என்று குறிக்கப்பட்டு நீக்கப்பட்டார்கள். முதலில் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் உங்கள் அட்டை எண்ணைத் தட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, செலவு எதுவும் இல்லை.

பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒன்பது ஆண்டு வெளிநாட்டில் இருப்பவருக்கு முறையான வழி படிவம் 6ஏ. வெளிநாட்டு வாக்காளருக்கென்றே உள்ள படிவம் அது. அதே இணையதளத்தில் நிரப்பலாம், அல்லது உங்கள் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலருக்குத் தபாலில் அனுப்பலாம். பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கம், இந்திய முகவரி உள்ள பக்கம், விசா விவரம் உள்ள பக்கம் ஆகியவற்றின் நகல்களில் நீங்களே கையொப்பமிட்டு இணைக்க வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் உங்கள் ஊர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். அம்மாவிடமோ மனைவியிடமோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ‘அவன் எங்கே இங்கே இருக்கிறான், ஒன்பது வருஷமாச்சு’ என்று பெருமூச்சு விட்டுக் கதவைச் சாத்திவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பழைய அட்டையை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டு வாக்காளருக்குப் புது அட்டை கிடையாது, பாஸ்போர்ட்டே அட்டை. ஒரே ஆள் சாதாரண வாக்காளராகவும் வெளிநாட்டு வாக்காளராகவும் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

தேர்தல் தேதி அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு எவர் பெயரையும் சேர்க்க முடியாது. பல மாதங்களுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

ஒரு சிக்கலை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். மற்றவற்றில் தப்பியவர்கள் பலர் விழுவது இந்தக் குழியில்தான். உங்கள் தொகுதி எது என்பதைத் தீர்மானிப்பது உங்கள் பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் இந்திய முகவரி. நீங்கள் பிறந்த ஊர், குலதெய்வம் இருக்கும் ஊர், மனைவி இப்போது வசிக்கும் ஊர் எதுவும் கணக்கில்லை. பாஸ்போர்ட்டை எடுத்து இப்போதே கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மூன்று விதமான பாஸ்போர்ட்டுகள் என் கண்ணில் பட்டிருக்கின்றன. முதல் வகையில் ஊர் முகவரி சரியாக இருக்கும், கவலையில்லை. இரண்டாவது வகை, முதல் முறை வெளிநாடு கிளம்பும்போது ஆள் அனுப்பும் ஏஜென்ட் அவசரத்துக்குத் திருச்சியிலோ சென்னையிலோ தெரிந்த ஒரு முகவரியைப் போட்டு வாங்கிக் கொடுத்தது. தம்பி, அந்த முகவரியை வைத்து விண்ணப்பித்தால் உங்களுக்கு ஒரு தொடர்பும் இல்லாத தொகுதிக்குத்தான் போகும். விசாரிக்க வரும் அலுவலருக்கு அங்கே உங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். மூன்றாவது வகை, இங்கே புதுப்பிக்கும்போது விடுதி முகவரியையோ முதலாளியின் முகவரியையோ போட்டுக்கொண்டது. அதில் இந்திய முகவரியே இருக்காது. பின்னிரண்டு வகைக்கும் பாஸ்போர்ட்டை ஊர் முகவரியோடு மறுபடி வழங்கச் சொல்லி விண்ணப்பிப்பதுதான் நேரான வழி. பழைய முகவரியை அடித்துவிட்டு எழுதித் தரும் வழக்கம் கிடையாது, புத்தகமே புதிதாகத்தான் வரும். ஓட்டுக்காக மட்டும் இந்தச் செலவைச் செய்யச் சொல்ல மாட்டேன். அடுத்து எப்படியும் புதுப்பிக்கும்போது மறக்காமல் ஊர் முகவரியைக் கேட்டுப் போடுங்கள். அதற்கும் ஒரு தரகர் வருவார், விரட்டிவிடுங்கள்.

சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தவர்கள் இதைப் படித்துவிட்டு என்னைக் கேட்க வேண்டாம், உங்களுக்கு இல்லை. நிரந்தரவாசி இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் உண்டு.

அடுத்து விமான டிக்கெட். எந்தப் பக்கத்து ஆள் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஓட்டுக்காகப் பணமோ பொருளோ கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் இந்தியச் சட்டத்தில் லஞ்சம். ‘அவர்களிடம் வாங்கிக்கொண்டு நமக்குப் பிடித்தவருக்குப் போடலாம்’ என்ற சாமர்த்தியம் நம் ஊரில் பெருமையாகப் பேசப்படுவது தெரியும், ஆனால் வாங்கிய நிமிடமே குற்றம் முடிந்துவிடுகிறது. கேரளத்துக்காரர்கள் வளைகுடாவிலிருந்து கூட்டமாக விமானத்தில் வருகிறார்களே என்பீர்கள். அவர்கள் கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் கடிதத்தில் உள்ள கோபம் எனக்குப் புரிகிறது. பதவியில் இருப்பவரின் பணத்தைச் சட்டம் பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள். சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய்தான் வரம்பு, 2022இல் உயர்த்திய தொகை அது. ஆனால் அந்தக் கணக்கு தொடங்குவதே வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்துதான். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஊர்த் திருவிழாவுக்குக் கொடுத்தது, கபடிப் போட்டிக்குப் பரிசு வழங்கியது, கல்யாணத்துக்கு மொய் எழுதியது எதுவும் அதில் வராது. கட்சி செலவழிப்பதற்கோ வரம்பே இல்லை. தேர்தல் முடிந்து 30 நாளுக்குள் வேட்பாளர் கணக்கு கொடுப்பார். நான் பார்த்த கணக்குகளில் எல்லாரும் வரம்புக்குள்ளேயே சிக்கனமாகச் செலவழித்திருந்தார்கள். தேநீருக்கும் வடைக்கும் ரசீது பக்காவாக இருக்கும். ஆணையம் விழித்துக்கொண்டதும் உண்டு. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலிலும் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே ரத்து செய்தார்கள். பட்டுவாடாவைப் படம் பிடித்து அனுப்பும் ‘சி-விஜில்’ செயலி தொகுதியில் நிற்பவருக்குத்தான் வேலை செய்யும், ஜூரோங்கில் இருந்து முடியாது. அதை உங்கள் ஊர்ப் பையன்களிடம் விட்டுவிடுங்கள்.

ஓர் ஓட்டால் என்ன ஆகிவிடும் என்று விடுதியில் கிண்டல் செய்தால் 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு, 2021இல் தியாகராய நகரில் 137 ஓட்டு என்று சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் செய்யக் கூடாத ஒன்றும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் சேர்ந்து ‘ஆதரவுக் கூட்டம்’ போடலாம், தேக்காவில் துண்டறிக்கை கொடுக்கலாம், கட்சிக்கு நிதி திரட்டலாம் என்று எவராவது அழைத்தால் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுங்கள். 2013 மே மாதம் மலேசியப் பொதுத் தேர்தல் முடிவை எதிர்த்து மெர்லயன் பூங்காவில் கூடிய மலேசியர்கள் 21 பேரைக் காவல்துறை கைது செய்தது. வேறு நாட்டு அரசியலை இங்கே கொண்டுவருவதை இந்த அரசு ஒருபோதும் பொறுத்துக்கொண்டதில்லை. கூட்டம் கூட்டியவருக்கு ஒன்றும் ஆகாது, அவர் ஊரில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் அழைத்தவராக இருப்பார். வேலை அனுமதி போவது உங்களுக்கு.

எல்லாம் முடிந்து விடுப்பும் கிடைத்து, திருச்சிக்கு விமானம் ஏறி ஊர் வந்து சேர்ந்தால், வாக்குச்சாவடிக்குப் போகும்போது பாஸ்போர்ட்டின் அசலை எடுத்துச் செல்லுங்கள். நகல் செல்லாது. உள்ளே உட்கார்ந்திருக்கும் பள்ளி ஆசிரியர் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு முறை பார்த்துவிட்டு ‘உங்கள் பெயர் இல்லையே’ என்பார். அவர் மேல் கோபப்படாதீர்கள், உங்களைப் போன்ற ஒருவரை அவர் தம் பணிக்காலத்தில் பார்த்தே இருக்க மாட்டார். வெளிநாட்டு வாக்காளர் பெயர்கள் பட்டியலின் இறுதியில் தனிப் பகுதியாக இருக்கும். அந்தக் கடைசிப் பக்கத்தைப் புரட்டச் சொல்லுங்கள்.