லண்டன் அண்ணாவின் அரிசி ஆலை: சர்வதேச நடுவர் மன்றம் போகலாமா?

வணக்கம். கிளிநொச்சியில் அண்ணா லண்டன் காசில் போட்ட அரிசி ஆலையின் காணியைத் திணைக்களம் ஒன்று மறித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். முதலில் பார்க்க வேண்டியது, அவர் இரட்டைக் குடியுரிமை எடுத்தவரா என்பது. எடுத்திருந்தால் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும் அரசுகளுக்கும் இடையிலான தகராறுகளைப் பார்க்கும், வாஷிங்டனில் உள்ள இக்சிட் (ICSID) மன்றத்தில் இலங்கைக்கு எதிராக அவர் வழக்குப் போடவே முடியாது.

பிரித்தானியக் குடியுரிமை மட்டும் என்றால் பிரித்தானியாவும் இலங்கையும் செய்த 1980 முதலீட்டு ஒப்பந்தம் இருக்கிறது. 1987இல் மட்டக்களப்பில் படை நடவடிக்கையில் அழிந்த இறால் பண்ணைக்கு அதன் முதலீட்டாளர்கள் அந்த ஒப்பந்தத்தை வைத்துத்தான் இக்சிட்டில் இழப்பீடு பெற்றார்கள். ஆனால் கேட்டது 80 லட்சம் டொலருக்கு மேல். 1990இல் தீர்ப்பானது 4,60,000 டொலர். வழக்குச் செலவை நினைத்தால் உங்கள் ஆலைக்கு அது கட்டுப்படியாகாது. காணிப் பத்திரங்களோடு உடனே ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, இங்கேயே ரிட் மனு (திணைக்களத்தின் முடிவை ரத்துச் செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் மனு) போட முடியுமா என்று கேளுங்கள். தாமதித்தால் அதையே காரணம் காட்டித் தள்ளிவிடுவார்கள்.