பூட் ஆகிறது, கேவிஎம் மட்டும் வரவில்லை: ஜிஐசி நோடைப் பாருங்கள்

நண்பரே, உங்கள் ஆர்ம் போர்டில் லினக்ஸ் பூட் ஆகிறது, ஆனால் கேவிஎம் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் லினக்ஸ் வசதி) மட்டும் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு கேவிஎம்மில் இல்லை, டிவைஸ் ட்ரீயிலிருந்து (ஹார்ட்வேர் விவரங்களைக் கெர்னலுக்குச் சொல்லும் ஃபைல்) நீங்கள் ஒட்டியிருக்கும் ஜிஐசி-400 நோடில், அதாவது இன்டரப்ட் கன்ட்ரோலரை விவரிக்கும் பகுதியில் இருக்கிறது. ரெக்கில் (reg, ரெஜிஸ்டர் பகுதிகளின் முகவரியும் அளவும் எழுதும் வரி) இரண்டே பகுதிகள், இரண்டுக்கும் 4 கேபி என்று போட்டிருக்கிறீர்கள். இன்டரப்டுகளைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அது சரி. அவற்றை ஒவ்வொரு சிபியுவும் பெற்றுக்கொள்ளும் சிபியு இன்டர்ஃபேஸுக்கு 8 கேபி வேண்டும். இன்டரப்டை டிஆக்டிவேட் செய்யும் டிஐஆர் ரெஜிஸ்டர் இரண்டாவது 4 கேபியின் முதல் முகவரியில்தான் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் நோடில் அது எல்லைக்கு வெளியே போய்விட்டது. அது இல்லாமலும் சாதாரண பூட் நடந்துவிடும், அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. பூட் லாகில் 'ரேஞ்ச் டூ ஸ்மால்' என்று தேடிப் பாருங்கள்.

அப்புறம், கேவிஎம்முக்கு இன்னும் இரண்டு பகுதிகள் தேவை: ஜிஐசிஎச் (கேவிஎம் கட்டுப்படுத்தும் பகுதி), ஜிஐசிவி (விர்ச்சுவல் மெஷின் பார்க்கும் சிபியு இன்டர்ஃபேஸ்). இதே வரிசையில், தலா 8 கேபி. ஜிஐசி கேவிஎம்மைக் கூப்பிடும் மெயின்டெனன்ஸ் இன்டரப்டையும் சேருங்கள், வழக்கமாக பிபிஐ (ஒவ்வொரு சிபியுவுக்கும் தனியான இன்டரப்ட்) 9.

பேரன்ட் நோடில் அட்ரஸ் செல், சைஸ் செல் (முகவரிக்கும் அளவுக்கும் எத்தனை எண்கள் என்பது) இரண்டும் 2 என்றால் ரெக்கில் பகுதிக்கு நான்கு எண்கள். ஒன்று விட்டுப்போனால் பின்னால் வருவதெல்லாம் நகர்ந்துவிடும். முகவரிகளை வேறு போர்டின் ஃபைலிலிருந்து எடுக்காதீர்கள், உங்கள் சிப்பின் மெமரி மேப்பைப் பார்த்தே எழுதுங்கள். சில சிப்களில் பகுதிகள் 64 கேபி இடைவெளியில் இருக்கும், அங்கே இந்த அளவுகளை அப்படியே போட்டால் மறுபடியும் சிக்கல்தான்.